வீட்டில் பாதியில் நிற்கும் வேலைகள்: மனசு வராதபோது எப்படித் தொடங்குகிறீர்கள்?

நீலவானம்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பாதியில் நிற்கிற வேலைகளும், தொடங்காமலே கிடக்கிற வேலைகளும் ரொம்பச் சேர்ந்துவிட்டன. படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறது. சமையலறைக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டுகிறது. ஹாலில் ஒரு சுவருக்குப் பட்டி பார்த்ததோடு சரி, பெயின்ட் அடிக்கவில்லை. பரணில் எதில் என்ன இருக்கிறது என்றே தெரியாத அட்டைப்பெட்டிகள். இதற்கு நடுவில் துணி மடிப்பது, பாத்திரம், குளியலறை கழுவுவது, ஒட்டடை அடிப்பது என்று அன்றாட வேலை வேறு.

கருவிகள் இருக்கின்றன. ஓரளவு வேலையும் தெரியும். வீட்டுக்காரரும் கூடச் செய்யத் தயார்தான். ஆனால் விடுமுறை நாள் வந்தால் எதைத் தொடுவது என்று யோசித்தே பொழுது போய்விடுகிறது. சாயங்காலம் மனசு கனத்துப்போகிறது. உங்களுக்கெல்லாம் எப்படித் தொடங்க மனசு வருகிறது? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ஆழிப்பேரலை

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். இருப்பதிலேயே சின்னதை எடுங்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வரும்.

உப்புத்தாள்

ஆழிப்பேரலை சொன்னதில் பாதி சரி. ஆனால் சின்ன வேலையும் மாதக்கணக்கில் கிடக்கிறதே, அது ஏன் என்று பார்க்க வேண்டும். பெயின்டிங் வேலையில் வெகு காலமாக இருக்கிறேன். பாதியில் விட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சோம்பலால் நின்ற வேலை அதில் குறைவு. ஏதோ ஒன்றைத் தீர்மானிக்காமல் விட்டிருப்பார்கள். என்ன நிறம், எந்தச் சாமானை எங்கே நகர்த்துவது, யாரைக் கேட்பது என்று ஏதாவது ஒன்று. அது முடிவாகாத வரைக்கும் வேலை கண்ணில் படும்போதெல்லாம் அயர்ச்சிதான் வரும்.

மனசு வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் அது வராது. கை வேலையில் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் மனசு வரும். ஆனால் கை இறங்க வேண்டுமென்றால் அடுத்துச் செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகத் தெரிய வேண்டும். "ஹாலை முடிக்கணும்" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எழுந்து நிற்க முடியாது. "பட்டியை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கணும்" என்றால் எழுந்து போகலாம்.

உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது அந்தச் சுவர்தான். பட்டி பார்ப்பதுதான் கஷ்டமான பகுதி. அதை முடித்துவிட்டு ஏன் நிறுத்தினீர்கள்?

நீலவானம்

நல்ல கேள்வி. நிறம் முடிவாகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பட்டி பொருக்குப் பொருக்காக எழும்பியிருக்கிறது. விரலால் தொட்டால் வெள்ளையாக மாவு மாதிரி உதிர்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

உப்புத்தாள்

அப்படியென்றால் நீங்கள் பெயின்ட் அடிக்காமல் இருந்ததே நல்லது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கிற உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வரும். தண்ணீர் காற்றில் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் படிகமாக நின்று பட்டியைத் தள்ளிவிடும். அந்த வெள்ளைப் பொடி இதுதான். இதன் மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் உரிந்துதான் வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். உதிர்கிற பட்டியைச் சுரண்டிவிட்டு, ஒரு முழ அகல அலுமினியத் தாளை நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் விட்டுப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது, அதற்குக் காற்றோட்டம் போதும்.

அந்தப் பக்கம் குளியலறை என்பதால் டைல்ஸ் இடுக்கை அடைத்திருக்கிற கிரவுட் பூச்சைப் பாருங்கள். சுவரும் தரையும் சேருகிற மூலையில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளியலறையில் யாரும் தண்ணீர் புழங்காத சில நாட்களில் சுவர் காய ஆரம்பித்தால் அங்கிருந்துதான் கசிகிறது. அப்போதும் காயவில்லை என்றால் சுவருக்குள் போகிற குழாயைச் சந்தேகப்பட வேண்டும்.

இனி உங்கள் பட்டியலில் "ஹால் பெயின்ட்" என்பதை அடித்துவிட்டு "குளியலறை மூலை பார்ப்பது" என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றி இப்போதைக்கு யாரும் வாதாட வேண்டாம். சுவர் நன்றாகக் காயவே வாரக்கணக்கில் ஆகும்.

தச்சன்மகள்

கதவுக்கு நான் சொல்கிறேன். அப்பா தச்சர். இந்த வேலையைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

எல்லோரும் முதலில் மரத்தைச் சீவ இழைப்புளியைத்தான் எடுப்பார்கள். வேண்டாம். கதவைப் பாதி திறந்து வைத்து, கைப்பிடியைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் எழும்பி அசைந்தால் மேல் கீல் தளர்ந்திருக்கிறது. மேல் கீல் தளர்ந்தால் கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலை தாழ்ந்து தரையில் உரசும். ஸ்குரூவை இறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சும்மா சுற்றினால் மரத்தில் ஓட்டை பெருத்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது கதவுக்கு அடியில் மரத்துண்டோ மடித்த அட்டையோ செருகி எடையைத் தாங்க விடுங்கள். எல்லா ஸ்குரூவையும் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாகத்தான். ஸ்குரூவைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் மெல்லிய மரச்சிம்புகளை மரப்பசையில் தோய்த்து இறுக்கமாகத் திணியுங்கள். தலை கிள்ளிய தீக்குச்சிகளும் போதும். வெளியே நீட்டுவதை மட்டமாக வெட்டிவிட்டு, மறுநாள் வரை காய விடுங்கள். பிறகு நடுவில் ஒரு சின்னத் துளை போட்டு அதே ஸ்குரூவை ஏற்றுங்கள். இப்போது சும்மா சுற்றாமல் இறுகி நிற்கும், அந்தப் பிடிமானம் விரலுக்கே தெரியும்.

கீல் கெட்டியாக இருந்தும் உரசுகிறது என்றால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கலாம். ஈரப்பதம் அதிகமான நாட்களில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஊதியிருக்கும்போது நிறைய இழைத்துவிட்டால் காய்ந்த காலத்தில் இடைவெளி தெரியும். அதனால் உரசுகிற இடத்தை மட்டும் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து, கதவின் அடிவிளிம்புக்கும் பெயின்டோ வார்னிஷோ பூசுங்கள். அந்த அடிவிளிம்பைப் பெரும்பாலும் யாரும் பூசுவதில்லை, தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

ஒரு வேண்டுகோள்: கதவிலிருந்தே தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பல தடவை அந்தக் கதவைத் திறந்து மூடுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அது உரசும்போது "இன்னும் செய்யவில்லை" என்று ஞாபகம் வருகிறது. அந்த உரசல் போனாலே பாரம் குறையும்.

கணக்குப்பிள்ளை

இந்த விஷயத்தில் ஆராய்ச்சிகளை விரும்பிப் படிக்கிறவன் நான். இரண்டு மூன்று உங்களுக்குப் பயன்படலாம்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிப்பதில் நாம் எல்லோருமே குறைத்துத்தான் கணிக்கிறோம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். விடுமுறை நாளுக்கு நாலு வேலை போட்டுவிட்டு ஒன்றுகூட முடியாமல் மனசு கனத்துப்போவதற்கு இது ஒரு காரணம். நீலவானம், உங்கள் கை மெதுவானது என்று நினைக்காதீர்கள், கணக்குதான் தப்பு. போன தடவை இதே மாதிரி வேலைக்கு நிஜமாக எவ்வளவு ஆனது என்று யோசித்து, அதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

அடுத்தது, எப்போது, எங்கே என்று கட்டிவைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார். "குளியலறை கழுவணும்" என்று நினைப்பதைவிட, "சனிக்கிழமை நான் குளிக்கப் போகும்போது, குளிப்பதற்கு முன்னால் தரையைத் தேய்ப்பேன்" என்று முடிவு செய்துகொண்டவர்கள் செய்து முடிப்பது அதிகம். அந்த நேரத்தில் புதிதாகத் தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை என்பதால்தான். உப்புத்தாள் அண்ணா அனுபவத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

பழக்கமாக மாற 21 நாள் போதும் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-இல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18-லிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்றும் அதில் கண்டார்கள். எனக்கு மிகவும் ஆறுதல் தந்த முடிவு அதுதான்.

அப்புறம் அந்தக் குழாய். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலு சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் தினமும் 21 லிட்டருக்கு மேல் வீணாகிறது.

இருபிள்ளை_அம்மா

எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் ஒன்றை யாரும் கேட்கவில்லை. நீலவானம், "வீட்டுக்காரரும் கூடச் செய்யத் தயார்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடச் செய்யத் தயார் என்றால் நீங்கள் சொன்னால் செய்வாரா, அல்லது அவராகவே பார்த்துச் செய்வாரா?

இதை அழுத்தியே கேட்கிறேன். வேலையை ஞாபகம் வைத்துக்கொள்வது, என்ன சாமான் வேண்டும் என்று பார்ப்பது, எந்த நாள் என்று முடிவு செய்வது, முடிந்ததா என்று கவனிப்பது எல்லாமே வேலைதான். ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். வீட்டின் யோசனைச் சுமையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, கண்காணிப்பது என்று நாலாகப் பிரித்தார். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன என்று கண்டார். இந்த நாலும் ஒருவர் தலையிலேயே இருந்தால், கையில் சுத்தியலை எடுப்பதற்கு முன்பே அவர் களைத்துப்போயிருப்பார். அவரிடம் போய் ஊக்கம் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை.

எங்கள் வீட்டில் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முழுசாகக் கொடுக்க ஆரம்பித்தோம். துணி என்றால் துவைப்பதிலிருந்து அலமாரியில் அடுக்குவது வரை, சோப்புத்தூள் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது உட்பட, ஒருவர் பொறுப்பு. அடுத்தவர் ஞாபகப்படுத்தக்கூடாது, குறை சொல்லவும் கூடாது. ஞாபகப்படுத்தாமல் இருப்பது ஆரம்பத்தில் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சட்டையை நான் மடிக்கிற மாதிரி அவர் மடிக்க மாட்டார். அதனால் என்ன, மடித்திருக்கிறதே.

நீலவானம்

இருபிள்ளை அம்மா, நான் சொன்னால் செய்வார். அப்படித்தான் நடக்கிறது. உங்கள் பதிவை இருவரும் சேர்ந்து படித்தோம். குழாயையும் குளியலறைக் கசிவையும் முழுசாக அவரே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். சாமான் வாங்குவது, ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுவது உட்பட. கதவும் பரணும் எனக்கு.

தச்சன்மகள் அக்கா, கதவைத் தூக்கிப் பார்த்தேன், அசைகிறது. மேல் கீலில் இரண்டு ஸ்குரூ சும்மாதான் சுற்றுகின்றன.

நடுநிசி

இரவு ஷிப்டில் வேலை செய்கிறவன் நான். எனக்குப் பழக்கமான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

தூக்கம் கெட்டவர்களுக்கும், மனச்சோர்வு இருப்பவர்களுக்கும், கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கும் தொடங்குவதே பெரிய மலை. அவர்களிடம் "எழுந்து செய், சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. முன்பு பிடித்தவை உட்பட எதிலுமே நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இருந்தாலும் இதே அசதி வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அப்படி எதுவும் இல்லை, வெறும் மலைப்புதான் என்றால் இரண்டு வழி எனக்கு உதவியிருக்கிறது. கூட ஒருவர் இருப்பது ஒன்று. அவர் உதவக்கூட வேண்டாம். நண்பனுடன் போனில் பேசிக்கொண்டோ, வீடியோ அழைப்பில் அவன் பாட்டுக்கு அவன் வேலையைச் செய்ய நான் என் வேலையைச் செய்துகொண்டோ பாத்திரம் எல்லாம் முடிந்துவிடும். இன்னொன்று டைமர். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்து உருவாக்கிய முறை. எனக்கு 25 நிமிடமே அதிகமாகத் தெரிகிற நாளில் பத்து வைப்பேன். மணி அடித்ததும் நிறுத்தலாம் என்ற அனுமதி இருப்பதால்தான் தொடங்கவே முடிகிறது.

உப்புத்தாள்

தம்பி, டைமர் துணி மடிக்க நல்லது. பாத்திரத்துக்கும் நல்லது. பெயின்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலையிலிருந்து மூலை வரை ஒரே மூச்சில் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஓரம் காய்ந்துவிடும். திரும்ப வந்து அடிக்கும்போது அந்த இடத்தில் பட்டையாகத் தெரியும். என்ன செய்தாலும் போகாது, மறுபடி முழுச் சுவரும் அடிக்க வேண்டியதுதான். இடுக்கை அடைக்க சிலிக்கோன் பசை வைப்பதும் அப்படித்தான். மேலே தோல் கட்டுவதற்குள் இழுத்துவிட்டு முடிக்க வேண்டும்.

எந்த வேலையைத் துண்டாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொண்டால் நல்லது. தேய்ப்பது, டேப் ஒட்டுவது, சாமானை நகர்த்தி மூடி வைப்பது, பிரஷ் கழுவுவது எல்லாம் துண்டாக்கலாம். வார நாட்களில் சாயங்காலம் இவற்றைச் செய்துவிட்டால் விடுமுறை நாளில் ரோலரை எடுப்பது மட்டும்தான் பாக்கி. பெயின்டிங்கில் தயாரிப்புக்குத்தான் அதிக நேரம் ஆகும், அடிப்பதற்கு இல்லை.

பழைய வீடாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்க்கக்கூடாது. அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகக் கெடுதல். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்த்த பிறகு தொடுங்கள்.

நடுநிசி

நீங்கள் சொல்வது சரி அண்ணா. நான் அன்றாட வேலையை மனதில் வைத்துத்தான் சொன்னேன். இரண்டும் வேறு மாதிரி என்பது இப்போது புரிகிறது. பாத்திரம் நாளைக்கும் இருக்கும், அதற்கு நேரம்தான் வேண்டும். சுவர் ஒருமுறை முடிந்தால் பல வருடம் பேசாது, அதற்குத் தயாரிப்பு வேண்டும்.

ஆழிப்பேரலை

வெளி ஆளை விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சார வயரிங், கேஸ் இணைப்பு, கூரைமேல் ஏறுவது இதெல்லாம் தெரிந்தவர்கள் செய்யட்டும். சுவிட்ச் போர்டைத் திறந்துதான் ஆக வேண்டுமென்றால் மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகு. குளியலறை கழுவும்போது பிளீச்சிங் திரவத்தோடு ஆசிட்டையோ அமோனியா உள்ள கிளீனரையோ கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். சீக்கிரம் முடிக்கிற ஆசையில் பலர் செய்கிற தப்பு இது.

தச்சன்மகள்

பரணுக்கும் ஒரு யோசனை. எல்லாப் பெட்டியையும் இறக்கி ஹாலில் பரப்பாதீர்கள். நடுவில் களைத்துப்போனால் வீடு முன்பைவிட மோசமாகிவிடும். ஒரு பெட்டி இறக்குங்கள், அதைப் பிரித்து முடித்து, வெளியே என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி மேலே வைத்த பிறகு அடுத்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மூன்று பை வைத்துக்கொள்ளுங்கள்: கொடுப்பதற்கு, போடுவதற்கு, வேறு அறைக்குப் போவதற்கு. வேறு அறைக்குப் போகிற சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போய்விடாதீர்கள், பையில் போடுங்கள். அந்த அறைக்குள் போனால் அங்கேயே ஒரு புது வேலை தொடங்கிவிடும்.

பழைய கடிதம், போட்டோ வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றைப் பார்ப்பது தனி வேலை. அதற்கு அவசரமில்லாத ஒரு நாள் வேண்டும், அது நியாயமான தேவைதான்.

நீலவானம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கதவு இப்போது உரசவில்லை! தீக்குச்சியும் பசையும்தான். முடித்துவிட்டு அப்படியே பரணில் ஒரு பெட்டியும் இறக்கினேன், யாரும் சொல்லாமலே.

ஆனால் குழாயில் இவர் மாட்டிக்கொண்டார். திருகுகிற பழைய மாடல் குழாய். சிங்க்குக்குக் கீழே இருக்கிற சின்ன வால்வை மூடிவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்கிறார். அந்த வால்வு துளிகூட அசையவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருப்பலாமா?

உப்புத்தாள்

வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள். வெகு காலம் திருப்பாத வால்வு உள்ளே இறுகிப்போயிருக்கும். பலமாகத் திருப்பினால் தண்டு முறிந்து தண்ணீர் பீறிட்டு வரும். அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற மெயின் வால்வை மூடுங்கள். மேல்நிலைத் தொட்டி இருந்தால் அதிலிருந்து இறங்குகிற வால்வு. மூடிய பிறகு குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

திருகுகிற மாடல் என்றால் உள்ளே ரப்பர் வாஷர்தான் தேய்ந்திருக்கும். சிங்க்கின் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், சின்ன ஸ்குரூ உள்ளே விழுந்தால் எடுக்க முடியாது. கைப்பிடியைக் கழற்றி, அடியிலுள்ள நட்டை ஸ்பேனரால் இளக்கினால் தண்டு வெளியே வரும். அதன் நுனியில் வாஷர் இருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள், அளவு மாறினால் மறுபடி சொட்டும். வாஷர் உட்காருகிற பித்தளை வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் வாஷர் மட்டும் போதும். பள்ளம் விழுந்திருந்தால் புது வாஷரும் சீக்கிரம் கிழிந்துவிடும், அப்போது குழாயையே மாற்றுவது நல்லது.

குளியலறைக் கசிவுக்கு எப்படியும் பிளம்பர் வர வேண்டியிருக்கலாம். வந்தால் அந்தச் சின்ன வால்வையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது திருப்பி மூடித் திறந்தால் மறுபடி இறுகாது.